பைக் ரேஸ் எங்கே நடக்கும்: ஹீட் மேப்பா, சாலைப் பொருத்த வரைபடமா?

சென்னையில் நள்ளிரவு பைக் ரேஸ் அடுத்து எங்கே நடக்கக்கூடும் என்று வரைபடத்தில் காட்ட முடியுமா என ஒரு சாலைப் பாதுகாப்புக் குழு கேட்டபோது, ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தகவல்களை அலசுவது) வேலையில் இருப்பவர்கள் பழக்கத்தில் எடுக்கும் வழியையே நானும் எடுத்தேன்: கிடைத்த புகார்களையும் வழக்குகளையும் புள்ளிகளாக வைத்து, புள்ளிகள் அடர்ந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டும் ஹீட் மேப் போட்டேன். சில மாதங்களில் அதை ஓரங்கட்டிவிட்டு, பந்தயத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்று சாலையின் அமைப்புக்கே மதிப்பெண் போடும் பொருத்த வரைபடத்துக்கு மாறினேன். என் சாய்வு இரண்டாவதன் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவில் வித்தியாசம் இல்லை. இரண்டையும் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் காசில்லாமல் செய்யலாம். சாலைகளை, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஹீட் மேப் ஒரு மதியத்தில் முடிந்துவிடும், மற்றது வாரக்கணக்கில் வேலை வாங்கும்.

ஹீட் மேப் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் குறிப்பிட்ட ஆரத்துக்குச் செறிவைப் பரப்புகிறது. காமராஜர் சாலைப் புகார்களுக்கு 500 மீட்டர் ஆரம் கொடுத்தபோது, சிவப்பு மெரினா மணலைக் கடந்து அலை வரைக்கும் பரவிக் கிடந்தது. சாலை வழியாக மட்டும் செறிவைக் கணக்கிட்டால் இந்தக் கோளாறு தீரும். தீராத கோளாறு புள்ளிகளிலேயே இருந்தது. சாலையில் பந்தயம் ஓட்டுவதற்கு எதிரான மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவில் பதிவான வழக்குகளில், நான் பார்த்தவரை, இடம் என்று எழுதப்பட்டிருந்தது பேரிகேட் போட்டு மடக்கிய இடமே தவிர பந்தயம் தொடங்கிய இடமல்ல. தொலைபேசிப் புகார்களோ தூக்கம் கெட்டவர்கள் குடியிருக்கும் இடங்களிலிருந்து வந்தவை. போலீஸ் நிற்கும் இடமும் அடுக்குமாடிகள் நிற்கும் இடமும் சிவந்திருக்க, ஆளரவமற்ற வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் நீண்ட துண்டுகள் வெறுமையாகவே தெரிந்தன.

பொருத்த வரைபடம் நடந்ததைக் கேட்பதில்லை, நடக்க வசதி இருக்கிறதா என்று கேட்கிறது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜோயல் கேப்லானும் லெஸ்லி கென்னடியும் குற்ற ஆய்வில் வளர்த்தெடுத்த இடர் நிலப்பரப்பு முறையின் எளிய வடிவம் என்று இதைக் கருதலாம். நேர்ச்சாலையில் குறுகிய தூரம் சீறிப்பாயும் டிராக் (drag) பந்தயத்தின் கால் மைல் என்பது ஏறத்தாழ 402 மீட்டர். வேகம் குறைத்து நிறுத்தவும் இடம் வேண்டுமென்பதால் 800 மீட்டருக்குக் குறையாத நேர்த்துண்டுகளைத் தேடினேன். சாலையின் நீளத்தை இரு முனைகளுக்கு இடையிலான நேர்த்தூரத்தால் வகுத்து, விடை 1-ஐ ஒட்டி வந்த, அதாவது கிட்டத்தட்ட நேராக இருந்த துண்டுகளுக்கு அதிக மதிப்பெண் கொடுத்தேன். நடுவில் மீடியன் இடைவெளி இல்லாமை, இரு முனையிலும் யூ டர்ன், கூட்டம் கூட இரவு டீக்கடை, தப்பிக்கச் சர்வீஸ் ரோடு ஆகியவை அடுத்தடுத்த லேயர்கள், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் தகவல் அடுக்குகள். தூரங்கள் மீட்டரில் சரியாக வர, எல்லாவற்றையும் டிகிரியிலிருந்து, மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆயத்தொலைவு முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதை மறந்து ஒரு நாள் முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஹீட் மேப்புக்குப் புதுப் புகார்களை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் பேரிகேட் வந்ததும் பையன்கள் வேறு சாலைக்குப் போய்விடுவதால், ஊட்டி முடிக்கும்போதே அது பழையதாகிவிடுகிறது. பொருத்த வரைபடத்தைச் சாலை மாறும்போது மட்டும் தொட்டால் போதும். புத்தாண்டு இரவில் மேம்பாலங்களையும் கடற்கரைச் சாலையையும் அடைக்கும் வழக்கம் உண்டல்லவா, அந்தத் துண்டுகளுக்குப் பூஜ்யம் கொடுத்து மறுபடி ஓட்டினால் அடுத்து எந்தச் சாலை மேலே வருகிறது என்று தெரியும். பழைய புள்ளிகளை மட்டும் நம்பும் வரைபடத்திடம் இதைக் கேட்க முடியாது.

ஆனால் சென்னையில் சாலை மாறாத மாதம் எது? மெட்ரோ பேரிகேட்களால் ஓஎம்ஆர் எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலையின் பல துண்டுகள் குறுகிப்போய் மதிப்பெண் இழந்தன. வேகத்தடைகள் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அரைகுறையாகவே இருப்பதால், ஞாயிறு விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நானே போய்க் குறித்துவர வேண்டியிருந்தது. அப்படிப் போனபோதுதான், புதிதாகத் தார் போட்ட ஒரு சாலையில் என் லேயரில் இருந்த மூன்று வேகத்தடைகளும் காணாமல் போயிருந்ததையும், அவை இருந்த இடத்தில் கறுப்பாகப் புது டயர்த் தடங்கள் இழுபட்டிருந்ததையும் பார்த்தேன். வரைபடத்தில் அந்தச் சாலை அன்றுவரை பாதுகாப்பான நிறத்தில் இருந்தது. தார் போட்ட செய்தி எனக்கு முன்பே யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது புரிந்தது. மாதம் ஒரு சுற்று இப்படிப் போய்வர ஆள் இல்லாத குழுவுக்கு இந்த முறையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹீட் மேப்பை நான் முழுவதுமாகத் தூக்கி எறியவில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதை இன்றும் புகார்களில்தான் பார்க்கிறேன். மொத்த மதிப்பெண்ணில் எந்த லேயருக்கு எவ்வளவு எடை என்பதும் என் கையால் போட்ட கணக்கு. வேறொருவர் போட்டால் வரிசை கொஞ்சம் மாறும். சமவெளிச் சாலைகளுக்கு வெளியே இதை நான் சோதித்ததில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதை போன்ற இடங்களுக்கு வளைவைத் தேடியே வண்டிகள் போகும் என்பதால், நேர்த்துண்டு மதிப்பெண்ணைத் தலைகீழாக்கித்தான் தொடங்க வேண்டியிருக்கும்.