பழைய ஜிப்ஸி வாங்கப் போகிறீர்களா? மைலேஜை விட வண்டியின் அடிப்பாகத்தைப் பாருங்கள்

தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்துக்குப் போய்வர 2005 மாடல் மாருதி ஜிப்ஸி (நாலு சக்கரமும் இழுக்கக்கூடிய பெட்ரோல் ஜீப்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பல வருடங்களாக ஓட்டுகிறேன். விசாரிக்கிற எல்லாரும் முதலில் கேட்பது மைலேஜ்தான். மலையில் லிட்டருக்கு 8, 9. கீழே வத்தலக்குண்டு, திண்டுக்கல் ரோட்டில் நிதானமாகப் போனால் 11. இதைக் கேட்டதுமே பாதிப் பேர் வேண்டாம் என்று கிளம்பிவிடுகிறார்கள், கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்பதில்லை. பெட்ரோல் 100 ரூபாய்க்குச் சற்று மேல் என்றால் கிலோமீட்டருக்கு 11 ரூபாய் ஆகிறது, இதே வேலையை ஒரு டீசல் ஜீப் ஏழரை ரூபாயில் முடித்துவிடும். மாதம் 500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு வருடத்துக்கு 21,000 ரூபாய் கூடுதல். ஆனால் பழைய காமன் ரெயில் டீசல் வண்டியில், அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்கள் நான்கையும் ஒரு தடவை மாற்ற நேர்ந்தால் அந்த மிச்சம் அத்தனையும் அங்கே போய்விடும். தினமும் 100 கிலோமீட்டர் ஓட வேண்டியவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், டீசலுக்குப் போங்கள்.

ஜிப்ஸியை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அது எளிமையான வண்டி என்பதுதான். 1.3 லிட்டர் என்ஜின், டர்போ கிடையாது, வண்டியின் எடையே ஏறக்குறைய ஒரு டன்தான், நாலு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். எது கெட்டாலும் சின்ன ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பார்த்துச் சரிசெய்துவிடுவார். ராணுவமும் போலீசும் காலம்காலமாக ஓட்டிய வண்டி என்பதால், உற்பத்தி நின்ற பிறகும் என்ஜின், கியர் சாமான்கள் கிடைக்கின்றன. பாடி சாமான்தான் தேட வேண்டியிருக்கிறது.

செலவு வருவதெல்லாம் அடியில். 50, 60 வேகத்தில் ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆடும், வீல் பேலன்ஸ் பார்த்தும் நிற்காது. என் வண்டியில் கிங் பின் (முன் சக்கரம் திரும்புகிற முளை) பேரிங் தேய்ந்திருந்தது, வயசான வண்டிக்கு இது சகஜம். முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற உருண்டையான நக்கிள் என்ற மூட்டில் சீல் போனால் ஓடைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், அதைக் கவனிக்காமல் விட்டால் ஆக்ஸில் (சக்கரங்களைச் சுழற்றும் அச்சு) வேலை வரைக்கும் போகும். அதனால் வாங்கும்போதே மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஆக்ஸில் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, விலையை அங்கேயே குறைத்துப் பேசுங்கள். சேஸிஸில் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் துருவை மறைக்கவும் இருக்கலாம், சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் நகராதீர்கள், முக்கியமாக ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களில். அப்புறம் முன் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பை லாக் பண்ணி, ஃபோர் வீல் லோவில் (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கிற கியர்) போட்டு மண்ணில் ஓட்டுங்கள், தார் ரோட்டில் வேண்டாம். முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிற சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி, வளைவில் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றையொன்று முறுக்கும். வருடக்கணக்கில் ஃபோர் வீலே போடாமல் நின்ற வண்டிகளில் லீவர் நகராது.

என்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குகிற டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்பவர் என்ன சொன்னாலும் சரி, வாங்கியதும் புதுசு போட்டுவிடுங்கள். பெட்ரோல் ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுவது நல்லது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பருக்கு அது ஒத்துவராது.

ஆர்சியை 15 வருடத்துக்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 முதல் கட்டணம் 10,000 ரூபாய், பசுமை வரி தனி. ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் ஆர்சியில் உள்ள தயாரிப்பு வருடத்தையும் சேஸிஸ் நம்பரையும் ஒத்துப் பாருங்கள்.

பெரிய டயர் போட்டு, வண்டியைத் தூக்கி வைத்து விற்பதை மட்டும் நான் வாங்க மாட்டேன். பார்க்க கம்பீரமாக இருக்கும், ஆனால் அந்த டயரின் பாரம் முழுக்க கிங் பின்னிலும் ஆக்ஸிலிலும்தான் இறங்குகிறது, மலை ஏறும்போது இழுவையும் குறைகிறது. கம்பெனி டயரோடு, கொஞ்சம் மங்கின பெயின்ட்டோடு ஒரு தோட்டக்காரரின் வண்டி கிடைத்தால் அதற்கு 30,000 ரூபாய் கூடுதலாகவே கொடுக்கலாம்.