நியூட்ரினோ பிடிக்க ஐஸா கடலா? என் ஓட்டு எதுக்குன்னு சொல்றேன்

மத்தியதரைக் கடலுக்கு அடியில இருக்கற கேஎம்3நெட்ங்கற டிடெக்டர், 220 பீட்டா எலக்ட்ரான் வோல்ட் (துகளோட சக்திய அளக்கற அலகு, பீட்டான்னா ஒண்ணுக்குப் பின்னால 15 சைபர்) சக்தியுள்ள நியூட்ரினோங்கற நுண்துகள் ஒண்ண புடிச்சிருச்சுன்னு 2025 பிப்ரவரில செய்தி வந்துச்சுல்ல, அதுலேர்ந்து ஜேசி (ஜூனியர் காலேஜ்) படிக்கற எங்க அக்கா மகன் என்னைப் பாக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. "மாமா, அப்ப தென்துருவத்துப் பனிக்குள்ள இருக்கற ஐஸ்க்யூப் டிடெக்டர் கதை முடிஞ்சுச்சா?" முடியலடா தம்பி, முடியவே இல்ல. அவனுக்கு வாயால சொல்லி மாளல, இந்த விஷயத்துல ஆர்வம் இருக்கற மத்தவங்களுக்கும் ஆகும்னுதான் எழுதறேன். நான் சிங்கப்பூர்ல கடலடி கேபிள் சம்பந்தப்பட்ட வேலைல இருக்கறவன், அதனால கடல் பக்கம் என்ன கஷ்டம்னு ஓரளவு தெரியும்.

முதல்ல ரெண்டுக்கும் பொதுவானத சொல்லிடறேன். நியூட்ரினோ எதையும் தொடாம பூமியையே ஊடுருவிப் போயிடும், எப்பவாவது ஒண்ணு ஒரு அணுக்கருவுல மோதும், மோதுனா மியூவான் மாதிரி மின்னூட்டம் உள்ள துகள் கெளம்பும், அது அந்தப் பொருளுக்குள்ள ஒளி போற வேகத்தவிட வேகமா ஓடும்போது நீல நிறத்துல மெல்லிய வெளிச்சம் விடும், அதுக்குப் பேரு செரென்கோவ் ஒளி. அந்த வெளிச்சத்தப் பாக்கணும்னா ஊடுருவிப் பாக்கற மாதிரி தெளிவான பொருள் வேணும், கும்மிருட்டு வேணும், அதுவும் கன கிலோமீட்டர் கணக்குல வேணும். இதெல்லாம் யாராலயும் கட்ட முடியாது. இயற்கையா கெடக்கறது ரெண்டே ரெண்டு, ஆழமான பனி, ஆழமான தண்ணி. ரெண்டுலயும் சென்சார் ஒரே ஜாதிதான், கண்ணாடி உருண்டைக்குள்ள ஃபோட்டோமல்டிப்ளையர் டியூப், அதாவது மெல்லிய வெளிச்சத்தக்கூட மின் சிக்னலா மாத்தற குழாய்.

ஐஸ்க்யூப் தென்துருவத்துல, அமுன்ட்சன் ஸ்காட் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்துல இருக்கு. சுடுதண்ணி பாய்ச்சி 60 சென்டிமீட்டர் அகலத்துல ரெண்டரை கிலோமீட்டர் ஆழத்துக்கு ஓட்டை போடுவாங்க, ஒரு ஓட்டைக்கு ரெண்டு நாள் போல ஆகும், திரும்ப உறையறதுக்குள்ள 60 சென்சார் கோத்த கேபிள உள்ள எறக்கணும். எறக்கிட்டா அவ்வளவுதான், சுத்தி இருக்கற தண்ணி உறைஞ்சு அது அங்கயே நிரந்தரம். இப்படி 86 கேபிள், 5160 சென்சார், 1450 மீட்டர்லேர்ந்து 2450 மீட்டர் ஆழம் வரைக்கும், மொத்தம் ஒரு கன கிலோமீட்டர் பனி. வேலை நடக்கறது அங்க கோடைகாலத்துல மட்டும்தான், அதாவது நமக்கு நவம்பர்லேர்ந்து பிப்ரவரி, அதனால 2010 டிசம்பர்லதான் முடிஞ்சுச்சு.

ஏன் 1450 மீட்டருக்குக் கீழ? இதுக்கு முன்னாடி அமாண்டான்னு ஒரு டிடெக்டர் போட்டாங்க, 1993-94 கோடைல 800லேர்ந்து 1000 மீட்டர் ஆழத்துல மொத கேபிள்கள எறக்கிப் பாத்தா பனி பூரா குட்டிக் குட்டி காத்துக் குமிழி, வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னே கண்டுபுடிக்க முடியாத அளவுக்கு சிதறிப் போச்சு. வீட்டு ஃப்ரிட்ஜ்ல தட்டுல வெச்ச ஐஸ் கட்டிய எடுத்துப் பாருங்க, நடுவுல வெள்ளையா மேகம் மாதிரி இருக்கும், கோப்பிக்கடை தே ஓ ஐஸ்ல (பால் ஊத்தாத ஐஸ் டீ) வர்ற கட்டி கண்ணாடி மாதிரி இருக்கும், அந்த வெள்ளை பூராவும் மாட்டிக்கிட்ட காத்துதான். துருவத்துல இன்னும் கீழ போகப் போக, மேல இருக்கற பனியோட பாரம் அழுத்தி, காத்து பனிப் படிகத்துக்குள்ளயே புகுந்து குமிழியே இல்லாம போயிடுது. 1400 மீட்டரத் தாண்டினா பனி அப்படித் தெளிவு, வெளிச்சம் நூறு மீட்டருக்கு மேல போகுது, நல்ல எடத்துல 200 மீட்டர் கூட போகுது.

இப்ப கடலுக்கு வருவோம். கேஎம்3நெட்டுக்கு ரெண்டு எடம், சிசிலிக்கு வெளியில 3500 மீட்டர் ஆழத்துல ஆர்கா, பிரான்ஸோட தூலோன் கடற்கரைக்கு வெளியில 2450 மீட்டர் ஆழத்துல ஓர்கா. விண்வெளி நியூட்ரினோவுக்கு ஆர்காதான். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எறக்கற விதம். சென்சார் உருண்டைங்க கோத்த 700 மீட்டர் உயரமான லைன ஒரு உருண்டைச் சட்டத்துல சுத்தி, ரெண்டு மீட்டருக்குப் பெருசா ஒரு பந்து மாதிரி ஆக்கி, கப்பல்லேர்ந்து கடல் தரைக்கு எறக்கறாங்க. அங்க நங்கூரத்த விட்டதும் அந்தச் சட்டம் சுத்திக்கிட்டே மேல எழும்பி வரும், வர வர லைன் பிரிஞ்சு நிமிர்ந்து நிக்கும், காலிச் சட்டம் மட்டும் மேல மெதந்து வந்துரும், அத எடுத்து அடுத்த லைனுக்கு வெச்சுக்கலாம். ஒவ்வொரு லைன்லயும் 18 உருண்டை, ஒவ்வொரு உருண்டைக்குள்ளயும் எல்லாப் பக்கமும் பாக்கற மாதிரி 31 சின்ன டியூப். ஐஸ்க்யூப்போட அந்த 5160லயும் உருண்டைக்கு ஒரே ஒரு பெரிய டியூப்தான், அதுவும் கீழ பாத்தபடி. வடிவமைப்புன்னு மட்டும் பாத்தா கேஎம்3நெட் ஒரு தலைமுறை முன்னாடி நிக்குது, இத ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

ஆனா கடல் சும்மா விடாது. ஹவாய்க்குப் பக்கத்துல டூமண்ட்னு ஒரு திட்டம், கடல்ல நியூட்ரினோ தேடறதுக்கு மொத மொத பெருசா யோசிச்சவங்க அவங்கதான். 1993 டிசம்பர்ல மொத லைன எறக்குனாங்க, உள்ள தண்ணி கசிஞ்சு கொஞ்ச மணி நேரத்துலயே ஷார்ட் ஆகிப் போச்சு, 1995ல திட்டத்தையே மூடிட்டாங்க. கடலடி வேலை பாக்கற யாருக்கும் இதுல ஆச்சரியம் இருக்காது. கேபிள் அறுந்து போறத விட, கேபிள் ஒரு பெட்டிக்குள்ள நுழையற அந்த ஒரு எடம்தான் எங்களுக்கெல்லாம் பயம். 3500 மீட்டர்ல சுத்துப்புற அழுத்தம் நம்ம மேல இருக்கற காத்தழுத்தத்த விட 350 மடங்கு, முடி அளவு கோளாறு இருந்தாலும் உப்புத் தண்ணி உள்ள வந்துரும். பழுதான லைன தூக்கி ரிப்பேர் பண்ணலாம்னு கடல் கட்சிக்காரங்க சொல்றது நெசம்தான், ஆனா அதுக்குக் கப்பல் வேணும், ரோபோ வேணும், கடல் அமைதியா இருக்கற நாள் வேணும். பனிக்குள்ள போனத வெளிய எடுக்கவே முடியாது, ஆனா எடுக்க வேண்டிய அவசியமும் பெருசா வரல, உறையற நேரத்த தாண்டிட்ட சென்சார் ஏறக்குறைய எல்லாமே வருஷக்கணக்கா ஓடிக்கிட்டுதான் இருக்கு. இந்த ரவுண்டு பனிக்கு.

பொய் சிக்னல் தொல்லைலயும் பனிதான் ஜெயிக்குது. மைனஸ் 20லேர்ந்து மைனஸ் 40 டிகிரி குளிர்ல டியூபோட சொந்த இரைச்சல் கம்மி, வினாடிக்கு நூத்துக்கணக்குலதான் பொய் சிக்னல் வரும். கடல் உப்புல பொட்டாசியம் 40ங்கற கதிரியக்கப் பொருள் இருக்கு, அது சிதைஞ்சுக்கிட்டே வெளிச்சம் விடும், போதாததுக்கு ஒளி விடற கடல் உயிரினங்க வேற, அதனால சின்ன டியூப் ஒண்ணுக்கே வினாடிக்கு ஆயிரக்கணக்குல வரும். 31 டியூப் ஒரே நேரத்துல பாத்தா எது நெசம் எது பொய்னு பிரிச்சிடலாம்னுதான் கேஎம்3நெட் அந்த வடிவத்தையே எடுத்துச்சு, அது வேலையும் செய்யுது.

சரி, கடல் எங்க ஜெயிக்குது? திசைல. பனில வெளிச்சம் தூரம் போகும், ஆனா நேரா போகாது, தூசியில பட்டு வளைஞ்சு வளைஞ்சு போகும். 2000 மீட்டர் ஆழத்துல தூசிப் படலம் ஒண்ணே இருக்கு, அங்க பாதி குருடு. ஓட்டை திரும்ப உறையும்போது நடுவுல குமிழி மாட்டிக்கற பிரச்சினை வேற. தண்ணில வெளிச்சம் பனி அளவுக்குத் தூரம் போகாது, ஆனா போற வரைக்கும் நேரா போகும். அதனால நல்ல மியூவான் தடத்துக்கு ஐஸ்க்யூப் அரை டிகிரி போல திசை சொல்லுதுன்னா, முழுசா கட்டி முடிச்ச ஆர்கா பெரிய சக்தில 0.1 டிகிரி சொல்லும்னு கணக்கு. நியூட்ரினோ எங்கேர்ந்து வந்துச்சுன்னு அட்ரஸ் தேடறவனுக்கு இது சின்ன வித்தியாசமே இல்ல.

இன்னொண்ணு, எந்த வானம் தெரியுதுங்கறது. விண்வெளிலேர்ந்து வர்ற காஸ்மிக் கதிர் மேல காத்துல மோதி உண்டாக்கற மியூவான் ஐஸ்க்யூப்ல வினாடிக்கு மூவாயிரம் போல கொட்டுது, அதனால பூமியவே வடிகட்டியா வெச்சு கீழேர்ந்து வர்றதத்தான் நம்பிப் பாப்பாங்க. தென்துருவத்துக்குக் கீழன்னா அது வட வானம். மத்தியதரைக் கடலுக்குக் கீழன்னா தென் வானம், நம்ம பால்வீதியோட நடுப்பகுதி அங்கதான் இருக்கு. சிங்கப்பூர்ல நமக்கு ரெண்டு வானமும் தெரியும், ஜனவரி ராத்திரி ஓரியன் தலைக்கு மேல, ஜூலைல விருச்சிகமும் தனுசும் தெற்குப் பக்கம் நல்லா உசரத்துல. அந்த ஓரியன் தோள்பட்டைக்கிட்ட இருக்கற டிஎக்ஸ்எஸ் 0506+056ங்கற பிளேசார்தான் (நடுவுல ராட்சசக் கருந்துளை இருந்து, நம்ம பக்கமா துகள்கள பீச்சி அடிக்கற கேலக்ஸி) ஐஸ்க்யூப் மொத மொத கை காட்டுனது. 2017 செப்டம்பர் 22ல ஒரு நியூட்ரினோ, 290 டெரா எலக்ட்ரான் வோல்ட் (டெரான்னா ஒண்ணுக்குப் பின்னால 12 சைபர்), 43 வினாடில உலகம் பூரா தகவல் போச்சு, ஃபெர்மி செயற்கைக்கோளும் மேஜிக் தொலைநோக்கியும் அந்தத் திசைல பாத்தா பிளேசார் காமா கதிர்ல கொழுந்து விட்டு எரிஞ்சுக்கிட்டு இருக்கு.

அடுத்தது 2022ல என்ஜிசி 1068, 4.7 கோடி ஒளியாண்டு தூரத்து கேலக்ஸி, அந்தத் திசைலேர்ந்து 79 நியூட்ரினோ கூடுதலா வந்திருக்குன்னு காட்டுனாங்க. கவனிச்சீங்கன்னா ரெண்டுமே வான நடுக்கோட்டுக்கு, அதாவது பூமியோட நடுக்கோட்டுக்கு நேர் மேல வானத்துல போற கோட்டுக்குப் பக்கத்துல இருக்கறது. துருவத்துலேர்ந்து பாத்தா அது எப்பவும் அடிவானத்த ஒட்டியோ சத்தே கீழயோ, ஏறாது எறங்காது, அங்கயே நிக்கும். மியூவான் மழைய மறைக்கற அளவுக்கு பூமி இருக்கு, பெரிய சக்தி நியூட்ரினோவ முழுங்கற அளவுக்கு இல்ல. 2023ல பால்வீதியோட தளத்துலேர்ந்து வர்ற நியூட்ரினோவையும் ஐஸ்க்யூப்தான் காட்டுச்சு, தன்னோட பலவீனமான தென் வானத்த வெச்சுக்கிட்டே, மெஷின் லேர்னிங் உதவியோட. பத்து வருஷ டேட்டாவ ஒண்ணா சேத்து அலசுனதாலதான் அது முடிஞ்சுச்சு.

அந்த பத்து வருஷம்ங்கறதத்தான் நான் முக்கியமா பாக்கறேன். பனி நகராதுன்னு சொல்ல மாட்டேன், தென்துருவத்துப் பனி வருஷத்துக்கு 10 மீட்டர் நகருது, ஆனா சென்சாரெல்லாம் சேந்து மொத்தமா நகருது. கடல்ல நீரோட்டத்துக்கு லைன் ஆடிக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு உருண்டையும் இப்ப எங்க இருக்கு, எந்தப் பக்கம் திரும்பி இருக்குன்னு ஒலி சிக்னலும் திசைகாட்டியும் வெச்சு விடாம அளந்துக்கிட்டே இருக்கணும்.

பைக்கால் ஏரிக்குள்ள இருக்கற நியூட்ரினோ டிடெக்டரப் பத்தி ரெண்டு வார்த்தை. ரஷ்யாவுல, நன்னீர், அதனால பொட்டாசியம் தொல்லை கெடையாது, குளிர்காலத்துல ஏரி உறைஞ்சதும் மேல நின்னுக்கிட்டே லைன எறக்கலாம், கப்பல் செலவு மிச்சம். ஆனா தண்ணி அவ்வளவு தெளிவு இல்ல, இருபது சொச்சம் மீட்டர்லயே வெளிச்சம் மங்கிடுது. நமக்குக் கிட்டன்னு பாத்தா தென்சீனக் கடல்ல ட்ரைடெண்ட்ங்கற டிடெக்டர் வரப் போகுது, ஷாங்ஹாய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகம் முன்னாடி நின்னு செய்யற திட்டம், 3.5 கிலோமீட்டர் ஆழம், 1200 லைன் வரைக்கும் போட யோசனை, ஏழெட்டு கன கிலோமீட்டர். தென்துருவம் சிங்கப்பூர்லேர்ந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல, இது ரெண்டாயிரம் சொச்சம்தான். நடுக்கோட்டுப் பக்கம் இருக்கறதால பூமி சுத்தச் சுத்த வானம் பூராவையும் ஒரு தடவ தடவி பாத்துரும், துருவத்துல இருக்கறதுக்கு அந்த வசதி கெடையாது.

இப்ப அந்த 220 பீட்டா நியூட்ரினோவுக்கு வர்றேன். 2023 பிப்ரவரி 13, ஆர்காவுல அப்ப ஓடுனது 21 லைன்தான், திட்டம் 230. ஏறக்குறைய கிடைமட்டமா ஒரு மியூவான் டிடெக்டர குறுக்க கிழிச்சுக்கிட்டுப் போச்சு, மூணுல ஒரு பங்கு சென்சாருக்கு மேல எரிஞ்சுச்சு. அந்த நியூட்ரினோவோட சக்தி, எல்எச்சிங்கற பெரிய ஹேட்ரான் மோதி (துகள்கள மோத விடற ராட்சச எந்திரம்) ஒரு புரோட்டானுக்குக் குடுக்கற சக்திய விட முப்பதாயிரம் மடங்கு. பத்துல ஒரு பங்கு கூட முடியாத டிடெக்டர் இதப் புடிச்சது அபாரமான சாதனை, அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா இந்த சக்தில ஒண்ணக்கூட பல வருஷமா ஓடற, பல மடங்கு பெரிய ஐஸ்க்யூப் பாக்கல, அதனால இது ரொம்ப அதிர்ஷ்டமான ஒண்ணா, வேற ஏதாவது புது மூலமா, இன்னும் யாரும் முடிவு சொல்லல. எங்க அக்கா மகனுக்கு நான் சொல்றது இதான், ஒரே ஒரு நியூட்ரினோவ வெச்சு பனிய தோத்துப் போச்சுன்னு சொல்லாத.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. 0.1 டிகிரி சொல்ல வேண்டிய கடல், இந்த நியூட்ரினோவுக்குத் திசை சொன்னது 1.5 டிகிரி தடுமாற்றத்தோட. தண்ணி தப்பு பண்ணல. மொத்த டிடெக்டரும் எந்தத் திசைல நிக்குதுங்கறது அப்ப அவ்வளவு துல்லியமா அளந்து முடிக்கல. ஒன்றரை டிகிரிக்குள்ள எத்தனையோ கேலக்ஸி, பிளேசார் இருக்கு, எது அனுப்புச்சுன்னு யாராலயும் கை காட்ட முடியல. தண்ணி எவ்வளவு தெளிவா இருந்தாலும், உன் கண்ணு எங்க இருக்குன்னு தெரியலைன்னா அந்தத் தெளிவு கணக்குல வராது.

அதனால இன்னிக்கு ஒரு மூலத்த உறுதியா கண்டுபுடிக்கணும், வருஷக்கணக்கா சேத்து அலசணும்னா என் ஓட்டு பனிக்குத்தான், கடல் வேலை பாக்கறவனா இருந்தும். தென் வானத்துக்கும் அட்ரசுக்கும் கடல் வேணும், அதுக்கு மாத்தே கெடையாது, பணம் அங்கயும் போகணும். கேஎம்3நெட் ஆளுங்க டிடெக்டரோட நிலையத் திரும்ப அளந்து அந்த நியூட்ரினோவோட திசைய திருத்தப் போறதா சொல்லியிருக்காங்க. அந்த 1.5 டிகிரி கால் டிகிரிக்குக் கீழ வந்து, அங்க ஒரே ஒரு பிளேசார் உக்காந்திருந்துச்சுன்னா என் ஓட்ட கடலுக்கு மாத்திக்கறேன்.