டெக்சாவா, குதிகால் மெஷினா, சிடியா? எலும்பு அடர்த்திக்கு எதை எடுப்பது

அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டும் என்று வந்தபோது மூன்று வழி இருந்தது. இலவச முகாம்களில் வைக்கும் குதிகால் அல்ட்ராசவுண்ட், குறைந்த அளவு எக்ஸ்ரேயால் எலும்பை அளக்கும் டெக்சா ஸ்கேன், கியூசிடி என்கிற சிடி முறை. டெக்சாதான் எடுத்தோம். இப்போது யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

குதிகால் மெஷினுக்குக் கதிர்வீச்சு கிடையாது, காலை வைத்தால் சில நிமிடத்தில் சீட்டு வந்துவிடும். ஆனால் அது பார்ப்பது ஒலி எலும்புக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு மங்குகிறது என்பதைத்தான். சிக்கல் என்னவென்றால் அந்தச் சீட்டிலும் டி ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரோடு ஒப்பிட்ட அளவு) என்று ஓர் எண் இருக்கும், அதைப் பார்த்துத்தான் பலர் பயந்துபோகிறார்கள். மைனஸ் 2.5, அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை என்று 1994-ல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கோட்டில் குதிகால் எண்ணைக் கொண்டுபோய்ப் பொருத்தக் கூடாது. முகாமில் குறைவாக வந்ததா, சரி, டெக்சா எடுக்க ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

சிடி வேறு ரகம். டெக்சா எலும்பைத் தட்டையான நிழலாகப் பார்த்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்கிறது. சிடி கன அளவில் பார்க்கும், உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற எலும்பைத் தனியாகப் பிரித்தும் அளக்கும். வயதானவர்களுக்கு முதுகெலும்பில் முள் மாதிரி வளர்ந்திருந்தாலோ, பக்கத்தில் ஓடும் பெருநாடியில் கால்சியம் படிந்திருந்தாலோ டெக்சா அதையும் எலும்புக் கணக்கில் சேர்த்து நல்ல எண்ணாகக் காட்டிவிடும். சிடி அப்படி எளிதில் ஏமாறாது. அம்மாவுக்கு அதை எடுத்ததில்லை என்பதால் அனுபவமாக எதுவும் சொல்ல முடியாது, ஆனால் கதிர்வீச்சு டெக்சாவைவிடப் பல மடங்கு, அதுதான் எங்களைத் தடுத்தது. டெக்சாவில் அது சில மைக்ரோசீவர்ட்தான், மார்பு எக்ஸ்ரே அளவுகூட வராது.

ஆனால் நான் டெக்சா பக்கம் சாய்வதற்கு உண்மையான காரணம் அடுத்த ஸ்கேன். எலும்பு அடர்த்தியை ஒரு முறை பார்த்து விட்டுவிட முடியாது. மருந்து ஆரம்பித்தால் ஒன்றிரண்டு வருடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், அப்போது பழைய எண்ணும் புது எண்ணும் ஒன்றோடொன்று பேச வேண்டும். டெக்சாவில் அதற்கு ஒழுங்கான கணக்கு உண்டு. ஒரே ஆளை எழுப்பி மறுபடி படுக்கவைத்து எடுத்தாலே எண் கொஞ்சம் மாறும். அதனால் இடுப்பில் சுமார் 5 சதவீதத்துக்குக் குறைவான மாற்றத்தைப் பெரும்பாலும் மாற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை (நல்ல மையமாக இருந்தால் இந்த அளவு இன்னும் குறையும்). அதாவது 0.700 இருந்தது 0.685 ஆனால் குறைந்துவிட்டது என்று அழ வேண்டியதில்லை, மருந்தை மாற்ற வேண்டியதும் இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் ஒரே மெஷினில் எடுத்தால்தான். ஹோலாஜிக் மெஷினும் ஜிஇ லூனார் மெஷினும் ஒரே முதுகுக்கு வேறு வேறு எண் தரும், லூனாரில் கூடுதலாக வரும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிப்பது ரேஷன் கடைத் தராசில் போட்டதை மளிகைக் கடைத் தராசில் சரிபார்ப்பது போலத்தான். ஆகவே தள்ளுபடி எங்கே கிடைக்கிறது என்று பார்ப்பதைவிட, அடுத்த தடவையும் போய்வர வசதியான இடமாகப் பாருங்கள். படுக்கவைக்கும் விதமும் முக்கியம். முதுகை எடுக்கும்போது கெண்டைக்காலுக்குக் கீழே பெரிய ஃபோம் கட்டையை வைத்து முட்டியை மடக்கவைப்பார்கள், இடுப்புக்குப் பாதத்தை உள்பக்கம் திருப்பிப் பட்டை போடுவார்கள். இதை அவசரமாகச் செய்கிற இடத்துக்கு இரண்டாம் முறை போகாதீர்கள்.

ரிப்போர்ட்டில் கடைசி வரியை மட்டும் வாங்கி வராமல் படம் உள்ள பக்கங்களையும் கேட்டு வாங்குங்கள். எல்1 முதல் எல்4 வரை, அதாவது கீழ்முதுகின் நான்கு எலும்புகளுக்கு, வரிசையாக எண் இருக்கும். அதில் ஒன்று மட்டும் பக்கத்து எலும்பைவிடத் துருத்திக்கொண்டு நன்றாக இருந்தால் அந்த எலும்பைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முதுகு முழுக்கவே தேய்மானம் என்றால் இடுப்பு எண்ணைத்தான் நம்ப வேண்டும், இடுப்பிலும் மாற்று மூட்டு இருந்தால் முன்கையை எடுக்கச் சொல்லலாம். அதற்கும் வழியில்லாதவர்களுக்குத்தான் நான் சிடியைச் சொல்வேன்.