நண்டுப்பாடு குறைந்ததா? ஒரே கேள்வி, நான்கு கணக்கு முறைகள்

மண்டபம் முதல் தொண்டி வரை பாக் விரிகுடாப் பக்கம் நண்டு வலை விடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், நீல நண்டு முன்பு போல இல்லை என்பார்கள். வாங்குகிற வியாபாரியின் பில் புத்தகமோ வேறு கதை சொல்லும். இந்த வழக்கைத் தரவை வைத்துத் தீர்க்கக் கிளம்பும் ஆய்வு மாணவருக்கு இன்று நான்கு வழிகள் உண்டு: பழைய நேர்கோட்டுத் தொடர்புப்போக்கு (தரவுப் புள்ளிகளின் நடுவே ஒரு நேர்கோட்டை இழுத்துப் போக்கைப் பார்ப்பது), கலப்பு விளைவு மாடல், ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற இயந்திரக் கற்றல், பேயசியன் முறை. பொத்தாம்பொதுவாக எது உயர்ந்தது என்று பேசிப் பயனில்லை. "படகு ஒன்றுக்குக் கிடைக்கும் நண்டு ஐந்தாண்டில் குறைந்திருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியை நான்கிடமும் கொடுத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் நோட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். கரையில் நிற்கும் மாணவர் எடை போடும் இடத்தில்தான் நிற்பார். நண்டு கிடைத்த படகு அங்கே வரும். வெறும் வலையோடு திரும்பியவர் வலையை அள்ளிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடுவார். பத்துப் படகு கடலுக்குப் போய், ஆறு படகு தலா ஐந்து கிலோ கொண்டுவந்து, நான்கு படகு வெறுங்கையாகத் திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் சராசரி ஐந்து கிலோ, உண்மையில் மூன்று. அடுத்த ஆண்டு இரண்டு படகுக்கு மட்டும் அதே ஐந்து கிலோ கிடைத்தாலும் நோட்டில் சராசரி அசையாது. வியாபாரியின் பில் புத்தகத்தில் இந்தக் கோளாறு இன்னும் ஆழம்: விற்றது மட்டுமே அதில் ஏறும், அதுவும் அவரிடம் முன்பணம் வாங்கியவர் விற்றது மட்டும். பல ஆண்டுத் தரவு சும்மா கிடைக்கிறதே என்று அதில் கை வைப்பவர்கள் நண்டின் வரலாற்றை அல்ல, வியாபாரத்தின் வரலாற்றைத்தான் எழுதுகிறார்கள்.

இதற்கு விடை இந்த மண்ணிலேயே இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கி, 1949இல் மண்டபம் முகாமுக்கு வந்து, 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை இங்கேயே இயங்கியது. நாட்டின் கடல்மீன் வரத்தை அது மதிப்பிடும் முறை, அடுக்கடுக்காகப் பிரித்துக் குலுக்கலில் எடுக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு. எந்த இறங்குதளம், எந்த நாள் என்பதையெல்லாம் கணக்கெடுப்பவரின் வசதி தீர்மானிப்பதில்லை. அன்று வந்த படகுகள் பதினைந்துக்குள் என்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். மிஞ்சினால்தான் இடைவெளி விட்டு எடுக்கலாம். வங்கத்துச் சணல் விளைச்சலை மதிப்பிடப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1930களில் கையாண்ட மாதிரிக் கணக்கெடுப்பும் இதே வகைச் சிந்தனைதான். என்னைக் கேட்டால், இப்படிச் சேர்த்த ஓராண்டுத் தரவு வசதிக்குச் சேர்த்த ஐந்தாண்டுத் தரவைவிட மேல்.

இனி முறைகளுக்கு வருவோம். நேர்கோட்டுத் தொடர்புப்போக்கு எளிது, எல்லாருக்கும் புரியும். ஆனால் நண்டு எடையில் பூஜ்ஜியங்கள் குவிந்து கிடக்கும், எப்போதாவது ஒரு படகு அள்ளிக்கொண்டு வரும். இப்படிக் கோணிய தரவில் நேர்கோட்டை இழுத்தால் சில மாதங்களுக்குக் கழித்தல் குறியோடு எடை வரும். அதை மறைக்க எல்லா எடையோடும் ஒன்றைக் கூட்டி மடக்கை எடுக்கும் வழக்கம் ஆய்வேடுகளில் பரவலாக இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் 0.1 கூட்டினால் முடிவு மாறும். முடிவே மாறுகிறது என்றால் அந்த ஒன்றுக்கு என்ன நியாயம்? முதல் பார்வைக்கு ஒரு வரைபடம் போட இந்த முறை போதும், அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

எங்கள் கடற்கரைக் கேள்விக்கு ஏற்றது கலப்பு விளைவு மாடல்தான். காரணம் படகுகள். பன்னிரண்டு படகை ஐம்பது நாள் பார்த்தால் 600 வரிகள் கிடைக்கும். அவை 600 தனித்தனிச் சாட்சிகள் அல்ல. ஒரே ஆள், ஒரே வலை, ஒரே இடம் திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணும் தவற்றைச் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984இலேயே போலி மறுபதிவு என்று பெயரிட்டுச் சாடினார், இன்றும் தீர்ந்தபாடில்லை. கலப்பு மாடல் ஒவ்வொரு படகுக்கும் தனி அடிமட்டம் கொடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவான போக்கைத் தேடும். பூஜ்ஜியத்துக்கும் வழி உண்டு: நண்டு கிடைத்ததா இல்லையா என்பது முதல் படி, கிடைத்தால் எவ்வளவு என்பது இரண்டாம் படி. மீன்வள ஆய்வில் இந்த இரண்டு படிக் கணக்கு நன்கு பழகியது.

இதைவிட முக்கியம், நம் கடலின் நடைமுறையை இந்த மாடலுக்குள் வெளிப்படையாக எழுத முடியும். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு இங்கே இருக்கிறது. அதனால் கிழமை வெறும் நாள்காட்டிச் செய்தி அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகளுக்கு இல்லை. 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் நாட்டுப்படகின் நண்டுப்பாடு எப்படி மாறுகிறது என்பதே ஒரு தனி ஆய்வு. வாடைக்காற்று அடிக்கும் மாதத்தையும் கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் மாதத்தையும் ஒரே தட்டில் வைக்காமல் பருவத்தைத் தனி உறுப்பாகச் சேர்க்கலாம்.

வலையின் நீளமும் உள்ளே வர வேண்டும். படகுக்கு ஐந்து கிலோ மாறாமல் கிடைக்கலாம். ஆனால் அன்று பத்து வலை விட்டவர் இன்று இருபது வலை விட்டு அதே ஐந்து கிலோவை எடுத்தால், கடலில் நண்டு பாதியாகியிருக்கலாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் என்ற மீனின் வளம் அழிந்து 1992இல் அங்கே மீன்பிடியையே நிறுத்த வேண்டிவந்தது. மீன்கள் எஞ்சிய இடங்களில் திரண்டிருந்ததால் படகுகளின் பிடிப்பு கடைசிவரை நன்றாகவே இருந்தது. அந்தக் கணக்கை நம்பியதும் அங்கே ஏமாந்ததற்கு ஒரு காரணம். ஆகவே "வலை எத்தனை, எத்தனை மணி நேரம் கடலில் கிடந்தது" என்ற இரண்டு பத்திகள் இல்லாத நோட்டை எந்த மாடலாலும் காப்பாற்ற முடியாது.

ரேண்டம் ஃபாரஸ்ட் இப்போது மாணவர்களின் செல்லப்பிள்ளை. 2001இல் புள்ளியியலாளர் லியோ பிரைமன் முன்வைத்தது. ஆம், இல்லை என்ற கேள்விகளால் தரவைக் கிளைகிளையாகப் பிரிக்கும் முடிவு மரங்களை நூற்றுக்கணக்கில் வளர்த்து அவற்றின் சராசரியை எடுக்கும். காற்று, நிலவு, வெப்பம், ஆழம் எல்லாம் பின்னிப் பிணைந்த உறவுகளை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துவிடும். கடற்புல் எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் பிரித்துக் காட்டவோ, நாளைய வரத்தை ஊகிக்கவோ வேண்டுமானால் நான் முதலில் இதைத்தான் எடுப்பேன். நம் கேள்விக்கு மூன்று தொல்லைகள். முதலாவது, அது போக்கைச் சொல்லாது. எந்த மாறி ஊகத்துக்கு உதவியது என்ற பட்டியலைத்தான் நீட்டும். "ஆண்டு" அந்தப் பட்டியலில் மேலே இருப்பதால் நண்டு குறைந்தது என்று ஆகிவிடாது. இரண்டாவது, தரவைக் கண்மூடிப் பிரித்து எண்பது சதவீதத்தில் மாடலுக்குப் பயிற்சி, மீதி இருபதில் அதற்குச் சோதனை என்று செய்தால், ஒரே படகின் திங்கட்கிழமை பயிற்சியிலும் புதன்கிழமை சோதனையிலும் இருக்கும். மதிப்பெண் அமோகமாக வரும். சில படகுகளை முழுசாக ஒதுக்கி வைத்துச் சோதித்தால்தான் சாயம் வெளுக்கும். ஆய்வேட்டைத் திருத்துகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மூன்றாவது, பயிற்சியில் பார்க்காத வெப்பநிலை வந்தால் முடிவு மரங்களுக்குக் கை ஓடாது. பார்த்த எல்லையின் விடையையே திரும்பச் சொல்லும். 2010, 2016 போல மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளிறிய ஆண்டுகளை நினைத்தால், இது ஏட்டுக் கவலை அல்ல என்பது புரியும்.

செயற்கைக்கோள் தரவையும் இந்த மாடலில் அள்ளிப் போடுகிறார்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, கலங்கல் அதிகம். பச்சையத்தை அளக்கும் படம் இங்கே சேற்றையும் பச்சையம் என்று எண்ணிவிடும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகம் மூடிப் பல நாட்கள் படமே கிடைக்காது. விடுபட்டவை எல்லாம் ஒரே பருவத்து நாட்களாக இருக்கையில் அவற்றைச் சராசரியால் நிரப்பினால், மழைக்காலத்தையே அழித்துவிடுகிறோம்.

பேயசியன் முறைக்கு நண்டைவிடக் கடல்பசு பொருத்தமான களம். ஆவுளியா என்று இங்குள்ளவர்கள் சொல்லும் அந்த விலங்கு கண்ணில் படுவதே அபூர்வம். ஒரு சில பார்வைப் பதிவுகளை வைத்துப் பிற முறைகள் திணறும். ஏற்கெனவே தெரிந்ததை முன்னறிவாக எழுதி, பதிவுகளைச் சேர்த்து, விடையை ஒரே எண்ணாக அல்லாமல் நிகழ்தகவின் பரப்பாகத் தருவதால் இங்கே பேயசியன் கைகொடுக்கும். காணாததற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டையும் அதில் கணக்கிடலாம். நண்டுக் கேள்வியில் தரவு போதிய அளவு இருந்தால் கலப்பு மாடலும் பேயசியனும் ஏறக்குறைய ஒரே விடைக்கு வரும். கணினி நேரம்தான் கூடுதல். ஐந்து படகு மட்டுமே பதிவாகியிருந்தால் பேயசியன் பக்கம் சாயலாம்.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாக. ஆர், பைத்தான் இரண்டும் இலவசம். கலப்பு மாடலுக்கு ஆர் வசதி, இயந்திரக் கற்றலுக்கும் படங்களுக்கும் பைத்தான் வசதி. நோட்டில் உள்ளதை ஏற்ற எக்செல் போதும், ஆனால் தேதிப் பத்தியில் விழிப்பாக இருங்கள்: மரபணுப் பெயர்களையே அது தேதியாக மாற்றித் தொலைத்ததால் 2020இல் சில மரபணுக்களின் பெயரையே அறிவியலாளர்கள் மாற்ற வேண்டியிருந்தது. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள். நண்டு கிடைக்காத படகுக்குக் கட்டத்தைக் காலியாக விடாமல் பூஜ்ஜியம் போடுங்கள். படகு கடலுக்கே போகாத நாளுக்கு மட்டும் காலிக் கட்டம்.