லாக் ஸ்டாக்கா, லாங் குட் ஃப்ரைடேவா? மறுமுறை பார்க்கத் தாங்கும் லண்டன் தாதா படம்

பிரிட்டிஷ் தாதா படங்களை எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலோர் இயக்குநர் கை ரிட்சியைத்தான் காட்டுவார்கள். 1998இல் வந்த 'லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்', 2000இல் வந்த 'ஸ்னாட்ச்' இரண்டும் ஜாலியான படங்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்பவருக்கு நான் சொல்வது ஜான் மெக்கன்சியின் 'தி லாங் குட் ஃப்ரைடே' (1980). முதல் தடவை எல்லாமே விறுவிறுப்பாகத்தான் இருக்கும். கதை தெரிந்த பிறகும் படம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

'லாக் ஸ்டாக்'கில் மோசடிச் சீட்டாட்டத்தில் ஐந்து லட்சம் பவுண்டு கடனாளி ஆகிறான் எட்டி. திருப்பிக் கொடுக்க ஒரு வாரம்தான் கெடு. பக்கத்து வீட்டுத் திருடர்களிடமே திருடுவது, கைமாறிக்கொண்டே போகும் இரண்டு பழைய துப்பாக்கிகள் என்று முடிச்சுக்கு மேல் முடிச்சு. யார் கையில் எது போய்ச் சேரும் என்பதுதான் படத்தின் உயிர். அது தெரிந்துவிட்டால் மிஞ்சுவது வசனம் மட்டும். 'ஸ்னாட்ச்' கொஞ்சம் பரவாயில்லை. 86 கேரட் வைரத்தின் பாதை மறந்துபோனாலும் பிராட் பிட்டின் மிக்கியும் ஆலன் ஃபோர்டின் பிரிக் டாப்பும் மறக்க மாட்டார்கள். மிக்கி பேசுவது படத்தில் இருப்பவர்களுக்கே புரியாது, நீங்கள் சப்டைட்டிலை நிறுத்திவிடாதீர்கள்.

'லாங் குட் ஃப்ரைடே' வேறு ரகம். முதல் பத்து நிமிடத்தில் பேச்சு மிகக் குறைவு. பணம் நிறைந்த ஒரு பெட்டி வட அயர்லாந்துக்குப் போகிறது, வழியில் அதிலிருந்து கொஞ்சம் குறைகிறது, சிலர் சாகிறார்கள். யார், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. அதன் பிறகுதான் பாப் ஹாஸ்கின்ஸ் நடிக்கும் லண்டன் தாதா ஹெரால்ட் ஷாண்ட் விமானத்திலிருந்து இறங்கி நெஞ்சை நிமிர்த்தி நடந்து வருகிறார். புனித வெள்ளியன்று அமெரிக்க மாஃபியாவோடு பெரிய ஒப்பந்தம் பேச வேண்டிய நேரத்தில் அவருடைய இடங்களில் குண்டு வெடிக்கிறது. எதிரி யாரென்று தெரியாமல் லண்டன் தாதாக்களையெல்லாம் இறைச்சிக் கொக்கியில் தலைகீழாகத் தொங்கவிட்டு விசாரிக்கிறார். முதல் தடவை நாமும் அவரோடு சேர்ந்து தேடுவோம். மறுமுறை பார்க்கும்போது விடை அந்தப் பத்து நிமிடத்திலேயே கிடப்பது தெரியும். அப்போது ஹெரால்டைப் பார்ப்பதை விட அவரைச் சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பாருங்கள், குறிப்பாக வலதுகையாக இருக்கும் ஜெஃப்பை. ஹெலன் மிரனின் விக்டோரியா எந்த இடத்தில் யாரைச் சமாளிக்கிறார் என்பதும் அப்போதுதான் பிடிபடும்.

படம் தெரிந்தோ தெரியாமலோ காலத்தையும் முந்திவிட்டது. டவர் பிரிட்ஜ் பின்னால் தெரிய, படகில் நின்று பாழடைந்த கப்பல் துறைப் பகுதியைப் புது நகரமாக்கப் போவதாக ஹெரால்ட் முழங்குகிறார். படமெடுத்தது 1979இல். அந்தப் பகுதிக்கான அரசு மேம்பாட்டுக் கழகம் வந்ததே 1981இல்தான். கடைசிக் காட்சியில் காரின் பின்சீட்டில் ஹாஸ்கின்ஸின் முகம் மட்டும், வசனமே இல்லை. கோபம், திகைப்பு, ஒரு கசந்த சிரிப்பு எல்லாம் வரிசையாக வந்து போகும். முதலில் இந்தப் படத்தைக் கையில் வைத்திருந்த நிறுவனம் அதைத் தொலைக்காட்சிக்காக வெட்டப் பார்த்தது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுடைய ஹேண்ட்மேட் ஃபிலிம்ஸ் வாங்கியதால் பிழைத்தது.

இதற்குப் போட்டி என்றால் மைக் ஹாட்ஜஸின் 'கெட் கார்ட்டர்' (1971) ஒன்றுதான். தொடக்கத்தில் மைக்கேல் கெய்ன் நியூகாசிலுக்கு ரயிலில் போகும்போது அதே பெட்டியில் இருப்பவனின் மோதிரத்தைக் கவனித்து வையுங்கள். ஆனால் படம் மெதுவானது, ஈவிரக்கமும் இல்லாதது. எழுபதுகளின் நடை பழகாதவர்களுக்குப் பிடிக்குமா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

கொள்ளைப் படங்களில் 'தி இத்தாலியன் ஜாப்' (1969) ஒரு தடவைக்குக் கொண்டாட்டம். கணக்குப் பார்த்தால் சிரிப்புதான் வரும். கொள்ளையடிப்பது நாற்பது லட்சம் டாலர் தங்கம், அன்றைய அவுன்ஸுக்கு 35 டாலர் விலையில் ஏறத்தாழ மூன்றரை டன். மூன்று மினி கார்கள் ஆளுக்கு ஒரு டன்னுக்கு மேல் சுமக்க வேண்டும், அதாவது தன் எடையை விட அதிகம். அந்தச் சுமையோடு படிக்கட்டில் இறங்கினால் சஸ்பென்ஷன் அங்கேயே உட்கார்ந்துவிடும். நிஜத்துக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் 'தி பேங்க் ஜாப்' (2008). 1971இல் பேக்கர் தெரு லாய்ட்ஸ் வங்கிக்கு இரண்டு கடை தள்ளியிருந்த தோல்பொருள் கடையிலிருந்து சுரங்கம் தோண்டியதும், திருடர்களின் வாக்கிடாக்கிப் பேச்சு ஒரு வானொலி ஆர்வலரின் காதில் விழுந்ததும் உண்மை. படத்தில் வரும் அரச குடும்பப் புகைப்பட விவகாரத்தை மட்டும் உண்மை என்று நம்பிவிடாமல் கதையாகவே விட்டுவிடுங்கள்.

'செக்ஸி பீஸ்ட்' (2000) கொள்ளைக்காகப் பார்க்க வேண்டிய படம் அல்ல. காந்தியாக நடித்த பென் கிங்ஸ்லி, டான் லோகனாக வந்து வாயைத் திறந்தாலே ரே வின்ஸ்டனுக்கு வியர்க்கிறது, அதற்காகப் பார்க்கலாம்.

தேடும்போது ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். 'கெட் கார்ட்டர்' என்று மட்டும் போட்டால் 2000இல் ஸ்டாலோன் நடித்த அமெரிக்க ரீமேக் வந்து நிற்கும், அதிலும் கெய்ன் தலைகாட்டுவதால் ஏமாந்துவிடலாம். 'இத்தாலியன் ஜாப்'புக்கும் 2003இல் ஓர் அமெரிக்க ரீமேக் உண்டு.