பெட்டி மேல் இருக்கும் வாசகமா, உடலுக்குள் நடக்கும் வேலையா?

ஒரு பொருள் மருத்துவச் சாதனமா இல்லையா என்று பார்க்க இரண்டு அளவுகோல்கள் உண்டு. அது எதற்காக என்று தயாரிப்பாளர் சொல்கிறார் என்பது ஒன்று. உடலில் அது எப்படி வேலை செய்கிறது என்பது இன்னொன்று. பலரும் இரண்டாவதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

மணிக்கட்டில் கட்டும் பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரு பச்சை விளக்கு, ஒளி உணரி, கொஞ்சம் மென்பொருள். ‘உடற்பயிற்சியின்போது இதயத்துடிப்பைப் பார்க்க’ என்று பெட்டியில் அச்சடித்தால், அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்டிஏ அதைப் பொதுவான நலப் பொருளாகக் கருதி விட்டுவிடும். ‘சீரற்ற இதயத்துடிப்பைக் கண்டறிய’ என்று எழுதினால் கதையே வேறு. அது மருத்துவச் சாதனம். உள்ளே ஒரு திருகாணிகூட மாறவில்லை! பெட்டியில் அடக்கமாக எழுதிவிட்டு விளம்பரத்தில் அளந்துவிட்டாலும் தப்ப முடியாது, அதையும் சேர்த்துத்தான் படிப்பார்கள்.

ஐரோப்பாவிலும் இதே போக்குதான். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஒரு கருவி பற்றிய வழக்கு அங்கே நீதிமன்றம் வரை போனது. உடலியக்கத்தை ஆராய்கிறது என்பதற்காக மட்டும் அது மருத்துவச் சாதனம் ஆகிவிடாது, தயாரிப்பாளருக்கு மருத்துவ நோக்கம் இருக்க வேண்டும் என்று 2012இல் தீர்ப்பு வந்தது.

சரி, இரண்டாவது அளவுகோல் எப்போது? மருத்துவ நோக்கம் உறுதியான பிறகு, ‘சாதனமா, மருந்தா’ என்ற கேள்வி வரும்போது. பொதுவாக, உடலில் முக்கியமாக வேதியியல் வழியில் வேலை செய்தால் மருந்து, இயந்திர வழியில் செய்தால் சாதனம். சிறுநீர்ப்பை அழற்சிக்கான கிரான்பெர்ரி மாத்திரைகளைச் சாதனம் என்றே விற்றவர்கள் இருந்தார்கள். கிருமி ஒட்டாமல் தடுப்பது வெறும் இயந்திர வேலை என்பது அவர்கள் வாதம். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் எடுபடவில்லை: 2017இல் ஐரோப்பிய ஆணையம் அவற்றைச் சாதனப் பட்டியலிலிருந்து விலக்கியது. அமெரிக்காவில் தலைகீழாக நடந்தது. எக்ஸ்ரே எடுக்கும் முன் குடிக்கக் கொடுக்கும் பேரியம் சல்பேட்டை எஃப்டிஏ மருந்தாக நடத்தியது. சாதனத்துக்கான இலக்கணத்துக்குள் வரும் பொருளை மருந்து என்று வகைப்படுத்தக் கூடாது என்று 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. (பிறகு 2022 இறுதியில் வந்த சட்டம் இப்படிப்பட்ட பொருள்களை மருந்து என்றே ஆக்கிவிட்டது.)

அதனால் நோக்கத்தை முதலில், செயல்முறையை அப்புறம் பார்ப்பதே என் வழக்கம்.

இந்த வரிசைக்கும் மசியாத பொருள் உண்டு: கண்ணின் நிறத்தை மாற்ற மட்டும் போடும் கான்டாக்ட் லென்ஸ். பார்வைக் கோளாறும் இல்லை, மருத்துவ நோக்கமும் இல்லை. ஆனாலும் அமெரிக்கா 2005இல் சட்டம் போட்டு எல்லாக் கான்டாக்ட் லென்ஸையும் சாதனம் ஆக்கிவிட்டது. ஐரோப்பா தன் 2017ஆம் ஆண்டு விதியில் தனிப் பட்டியல் போட்டு, அழகுக்காகத் தோலுக்குள் ஊசியால் செலுத்தும் நிரப்பிகளோடும் கொழுப்பை உறிஞ்சும் கருவிகளோடும் இதைச் சேர்த்திருக்கிறது.