பழைய உடையா, புது உடையா, சிஜியா? பிச்சாவரத் தண்ணீரில் இறங்கும் மிருகத்துக்கு எது தாங்கும்

ஒரு படத்தின் முதல் பாகத்துக்குச் செய்த மிருக உடையையே ஒட்டித் தைத்து இரண்டாம் பாகத்தையும் எடுத்துவிடலாம் என்றுதான் சின்ன பட்ஜெட் தயாரிப்பாளர் எவருக்கும் தோன்றும். கதை தரையில் நடந்தால் சரி. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில், இடுப்பளவு உப்புத் தண்ணீரிலிருந்து மிருகம் எழ வேண்டுமென்றால் அது வேண்டாம்.

பழைய உடை பெரும்பாலும் சோஃபா ஃபோம் மேல் லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பால் பூசியதாக இருக்கும். வெயிலில் கிடந்த லேட்டக்ஸ் பிசுபிசுக்கும், இல்லையென்றால் மடிப்பில் வெடிக்கும். வெடிப்பு வழியே ஃபோம் தண்ணீரைக் குடிக்கும். 50 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டர் ஃபோம் என்றால் 50 லிட்டர் கொள்ளளவு. முழுக்க நனைந்தால் நடிகர் மேல் 40 கிலோவுக்கு மேல் ஏறும். கால் புதையும் சேற்றில் அந்தச் சுமையோடு ஆளை நிறுத்தவே கூடாது. கரையில் எடுக்கும் இரவு ஷாட்டுகளுக்கும், முதுகு மட்டும் தெரியும் ஷாட்டுகளுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீருக்கு ஏற்றது ஈ.வி.ஏ. ஷீட், அதாவது செருப்பு அடிப்பாகத்துக்குப் போகும் சரக்கு. அது நீரை உறிஞ்சாது. உடம்புக்கு 10 மி.மீ., விரலுக்கும் கழுத்துக்கும் 5 மி.மீ. ஹீட் கன்னால் வளைத்து, ஒட்டும் விளிம்பைச் சாய்வாகச் சீவி, இரண்டு பக்கமும் காண்டாக்ட் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு அழுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பசைமேல் ஈரம் படிந்து மூட்டு பிரிந்துவிடும். தை, மாசியில் செய்வதே நல்லது. மேலே லேட்டக்ஸ் நாலைந்து பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. டால்கம் பவுடர் கடைசிப் பூச்சுக்கு மேல் மட்டும். நடுவில் போட்டால் அடுத்த பூச்சு உரிந்துவரும். நிறத்தை லேட்டக்ஸிலேயே கலக்க வேண்டும், எண்ணெய்ப் பெயின்ட் ரப்பரைத் தின்றுவிடும்.

இதிலும் ஒரு தொல்லை உண்டு: ஈ.வி.ஏ. மிதக்கும். மிருகம் முங்க வேண்டிய இடத்தில் ஆள் மல்லாந்துவிடுவார். முக்குளிப்பவர்கள் கட்டும் ஈயப் பெல்ட் வேண்டும், ஒரே இழுப்பில் கழன்று விழும் கொக்கியோடு. பெல்ட் உடைக்கு வெளியேதான் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் தண்ணீரிலேயே நிற்க வேண்டும். வேரில் ஒட்டியிருக்கும் கொட்டலசு, அதாவது கூரான ஓடுள்ள சின்னக் கடலுயிர், உடையின் தோலைக் கிழிக்கும்; முழங்காலுக்குக் கீழே இன்னொரு பூச்சு கொடுங்கள். ஷூட்டிங் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள், உப்பு காய்ந்தால் ஜிப் இறுகிவிடும்.

முழு மிருகத்தையும் சிஜியில், அதாவது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் செய்வது இந்த பட்ஜெட்டில் தண்ணீரிலேயே தோற்கும். தெறிப்பு, அலை, நிழல், பிரதிபலிப்பு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கண் உடனே பிடித்துவிடும். ஷாட்டில் தெரியும் கயிறை அழிக்கவும் மிருகத்தின் இமையை அசைக்கவும் மட்டும் அந்தப் பணத்தைச் செலவிடுங்கள். மிருகத்தின் அசைவு மெதுவாகி அது கனமாகத் தெரிய வேண்டுமென்றால் நொடிக்கு 48 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் போதும், அதற்குத் தனிச் செலவு இல்லை.

எதை எடுத்தாலும் வனத்துறை அனுமதி முதலில். ஒரே காட்சியை இரண்டு நாளாகப் பிரித்தால் ஓத நேரத்தையும், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நேற்று மூழ்கியிருந்த வேர் இன்று வெளியே தெரிந்தால் எடிட்டிங்கில் ஒட்டாது.